வானொலியில் பேட்டி நடத்தும் முறை

(வட்டக்கோட்டையில் கூடிய சுற்றுவட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் முன்னிலையில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் பேச வந்திருக்கிறார் என்றால், தவணை கடந்த பாக்கியைப் பற்றியோ தணிக்கைக் குறிப்புகளைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவ்விரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, வானொலியில் பேட்டி நடத்துவது எவ்வாறு என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். உங்களுள் சிலர் வானொலிக்காக உள்ளூர்ப் பேட்டி நிகழ்ச்சி ஒன்றை முறையாக நடத்த விரும்புவதாக அறிந்தேன். அவர்களுக்கு இது உபயோகப்படலாம். மற்றவர்களுக்கும் பேட்டியைக் கேட்டுப் பயன்பெறும் வழி தெரியவரும்.

வானொலிக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நெருங்கிய சம்பந்தம் உண்டு. கூட்டுறவுச் சங்கம் கேள்வி கேட்கும் உரிமையின்மேல் கட்டப்பட்ட வீடு. பல பங்குகள் உடையவருக்கும் ஒரு வோட்டு, ஒரே பங்கு உடையவருக்கும் ஒரு வோட்டு. மகாசபையில் கணக்கு வாசிக்கப்படும்போது, "இத்தொகை எதற்காகச் செலவாயிற்று?" என்று எவரும் எழுந்து கேட்கலாம். ஆயினும் நடப்பது என்ன? பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் எழுந்து கேட்பதில்லை. கூச்சம் ஒருபுறம், நமக்கு விஷயம் தெரியாதென்று நகைப்பார்களோ என்ற அச்சம் மற்றொருபுறம். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகும் வழியிலேதான் அவர் தம் சந்தேகத்தை அடுத்தவரிடம் சொல்லுகிறார். அடுத்தவருக்கும் விடை தெரியாது. சந்தேகம் அவ்வழியிலேயே நின்றுவிடுகிறது. அவ்வாறு வழியில் நின்றுபோகும் கேள்வியை எடுத்து, விடை தெரிந்தவரின் முன்வைத்து, ஊரார் யாவரும் கேட்க விடை வாங்கித் தருவதே வானொலிப் பேட்டியின் வேலை. பேட்டி காண்பவர் பின்வரிசைக்காரரின் பிரதிநிதி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

நமது ஜில்லாவுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. தமிழ் மக்களுக்கென அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதியும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதியும் தொடங்கின. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1943-ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் சமஸ்தானத்தார் ஒரு நிலையம் அமைத்தனர். இவையெல்லாம் பெரிய நகரங்களிலிருந்து பரந்த பிரதேசங்களுக்குப் பேசிய நிலையங்கள். ஒரு சிறு வட்டாரத்துக்கென்றே, அவ்வட்டாரத்து மக்களைக்கொண்டே ஒலிபரப்பும் நிலையம் ஒன்றை வைத்துப் பார்க்கலாம் என்று வானொலியார் பிற்காலத்தில் எண்ணியபோது, அதற்கு முதன்முதலாகத் தெரிந்தெடுத்த ஊர் நமது நாகர்கோவிலே. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அந்நிலையம் தொடங்கியது. இந்தியாவில் உள்ளூர் வானொலி நிலையம் என்னும் வகுப்பில் அதுவே முதலாவது. ஆகையால் உள்ளூர் விஷயத்தை உள்ளூர் வாயால் சொல்வது நமக்குப் புதிய வித்தை அன்று.

வானொலியில் கேட்ட வார்த்தை வயலில் பயிராக விளைந்ததற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தார் ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல்லை வெளியிட்டார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அந்நெல்லைப் பற்றி இடைவிடாது எடுத்துச் சொல்லின. தஞ்சை ஜில்லா விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு விதைக்கு அதைக் கண்டுபிடித்த நிலையத்தின் பெயரைவிட அதை அறிவித்த கருவியின் பெயர் நிலைத்தது என்றால், அக்கருவிக்கு ஜனங்களிடம் இருந்த மதிப்பை நீங்களே ஊகிக்கலாம்.

இனி, பிரசங்கத்தைக் காட்டிலும் பேட்டி எவ்வாறு மேலானது என்பதைப் பார்ப்போம். நிபுணர் ஒருவர் வானொலியில் 15 நிமிஷம் தொடர்ந்து பேசுகிறார். மூன்றாம் நிமிஷத்தில் நமக்கு விளங்காத ஒரு சொல் வருகிறது. அவரை நிறுத்திக் கேட்க நம்மால் ஆகாது. அச்சொல்லைப் பற்றியே நாம் யோசித்துக்கொண்டிருக்கையில் மீதி 12 நிமிஷமும் காதைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. பேட்டியிலோ, நமக்காக ஒருவர் நிபுணரின் எதிரே அமர்ந்திருக்கிறார். விளங்காத இடத்தில், "சற்று நில்லுங்கள், அது என்னவென்று சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்கவேண்டிய கடமையும் உண்டு.

அக்கடமை தவறினால் விளையும் நஷ்டம் சிறிதன்று. நாம் நன்கறிந்த மூன்று விஷயங்களைக்கொண்டு இதை விளக்குகிறேன்.

முதலாவது, பயிர்க்கடன். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனை உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை என்பது நமது மாகாணத்து ஏற்பாடு. ஓர் அதிகாரி வானொலியில், "பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது" என்று சொல்லி நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டி காண்பவர், "மிக்க மகிழ்ச்சி" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டால், கேட்டவர்களில் பாதிப்பேர் பாதி உண்மையோடு படுக்கைக்குப் போவார்கள். அவர் கேட்கவேண்டியது: "தவணை முடியும் தேதியை அங்கத்தினர் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது? அத்தேதி தவறினால் வட்டி எந்த நாள் முதல் கணக்காகும்? அறுவடை தாமதமாகிவிட்டால் முன்கூட்டியே யாரிடம் சொல்லவேண்டும்?" இம்மூன்று கேள்விகளால் ஓர் ஏழைக் குடும்பத்தின் பணம் மிச்சப்படும்.

இரண்டாவது, பயிர்க் காப்பீடு. 2016-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விளைச்சல் குறைவுக்கான நஷ்டஈடு பெரும்பாலும் தனி ஒருவருடைய வயலைக்கொண்டு கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் சில வயல்களைத் தெரிந்தெடுத்து, பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, அப்பகுதியின் சராசரி விளைச்சலைக்கொண்டே கணக்கிடப்படுகிறது. இதை அறியாதவர், "என் வயல் முழுவதும் போயிற்று, அண்ணாச்சி, ஒரு காசும் வரவில்லையே!" என்று சங்கத்துக் காரியதரிசியின்மேல் கோபம் கொள்ளுகிறார். காரியதரிசியோ காப்பீட்டுக் கம்பெனியைக் கைகாட்டுகிறார். பிரீமியம் கட்டும் காலத்திலேயே, பேட்டியில் ஒருவர், "என் வயல் மட்டும் அழிந்து, பக்கத்து வயல்கள் பிழைத்துக்கொண்டால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று நேராகக் கேட்டிருந்தால், இந்த மனஸ்தாபத்தில் பெரும்பகுதி நேர்ந்திராது. கடன் வாங்கிய விவசாயிகளுக்கும் 2020-ஆம் ஆண்டு முதல் இத்திட்டம் கட்டாயமன்று, அவரவர் விருப்பம். ஆகவே விஷயத்தை அறிந்து விரும்புவதற்கு வழி செய்வது நமது பொறுப்பு.

மூன்றாவது, கடல். வட்டக்கோட்டையின் மதிலில் நின்று பார்த்தால் ஒருபுறம் தென்னையும் வயலும், மறுபுறம் கடலும் தெரிகின்றன. 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒக்கிப் புயல் நமது ஜில்லாவைத் தாக்கியபோது கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பி வரவில்லை. அத்துயரத்தை இங்கு விவரிக்க வேண்டுவதில்லை. கரையை விட்டு வெகுதூரம் சென்ற படகுக்குக் கைபேசி எட்டாது. ஆகையால் எச்சரிக்கை படகு புறப்படுமுன்பே சேரவேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, விளங்கவும் வேண்டும். "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்றால் எத்தகைய காற்று? அது புயலாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண்ணுக்குப் பொருள் என்ன? இவற்றைப் புயல் வந்த அன்று கேட்பதில் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, வானிலை அறிந்தவர் ஒருவரையும் அனுபவமுள்ள மீனவர் ஒருவரையும் எதிரெதிரே அமர்த்திக் கேட்டுவிடவேண்டும். 2016-ஆம் ஆண்டு பாம்பனில் மீனவ மக்களுக்கென்றே "கடல் ஓசை" என்னும் சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. தம் தொழிலைத் தம் மொழியில் கேட்கும் ஆவல் நம் கடற்கரை ஊர்களிலும் குறைவன்று.

இனிப் பேட்டி காண்பவர் கைக்கொள்ளவேண்டிய முறைகளைச் சொல்லுகிறேன்.

பேட்டிக்கு முன்: விஷயம் ஒன்றாக இருக்கட்டும். "விவசாயம்" என்பது விஷயமன்று, "பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு வயலுக்கு வந்து சேர்வது எப்போது?" என்பது விஷயம். பிறகு, அவ்விஷயத்தில் அக்கறையுள்ள நாலைந்து பேரைத் தேடிப் போங்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர், கூலிக்கு நடவு நடும் பெண், மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர், கடற்கரையில் மீன் விற்பவர் ஆகியோரிடம், "இதைப்பற்றி நீங்கள் என்ன கேட்பீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகக் கேட்டுப் பதில் பெற, 15 நிமிஷத்துக்கு 7 அல்லது 8 கேள்விகள் போதும். பேட்டி கொடுக்க வருபவருக்கு விஷயத்தை முன்பே தெரிவியுங்கள். புள்ளிவிவரம் வேண்டுமானால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் விடையை எழுதி வாசிக்க விடாதீர்கள். வாசிக்கும் குரலைக் கேட்பவர் உடனே கண்டுகொள்வார். கண்டுகொண்டதும் கவனம் போய்விடும்.

பேட்டியின்போது: முதற் கேள்வி, பேசுகிறவரின் நெஞ்சிலுள்ள பயம் தெளிவதற்கு உதவுவதாக இருக்கவேண்டும். வயதில் மூத்த விவசாயியிடம், "அண்ணாச்சி, நீங்கள் முதன்முதலில் ஏர் பிடித்தது எந்த வயலில்?" என்று கேட்டால் அவர் தாமாகவே பேசத் தொடங்குவார். ஒரு கேள்வியில் ஒன்றையே கேளுங்கள். மூன்றைச் சேர்த்துக் கேட்டால், சுலபமானதற்கு மட்டும் விடை வரும். "ஆம்", "இல்லை" என்று முடியத்தக்க கேள்விகளைத் தவிருங்கள். "இந்த உரம் நல்லதுதானே?" என்று கேட்காமல், "இந்த உரத்தை இட்டபின் பயிரில் என்ன மாறுதல் கண்டீர்கள்?" என்று கேளுங்கள். அவர் ஹெக்டேர்க் கணக்கில் பேசினால், ஏக்கரில் எவ்வளவு, சென்டில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். தொகையும் தேதியும் வந்தால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். வானொலி கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, விடையைக் காதால் கேட்பது. கையிலுள்ள தாளில் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருப்பவர் விடையைக் கேட்பதில்லை. பேசுகிறவர், "போன வருஷம் அதையும் செய்து பார்த்தோம், சரிப்படவில்லை" என்று போகிறபோக்கில் சொல்லுவார். அன்றைய பேட்டியின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கலாம். தாளை மடித்து வைத்துவிட்டு, "ஏன் சரிப்படவில்லை?" என்று கேட்பவரே நல்ல பேட்டியாளர். விடை வரத் தாமதித்தால் அவசரப்பட்டு நடுவே பேசாதீர்கள். இரண்டு மூன்று விநாடி மௌனம் நஷ்டமன்று. பல சமயங்களில் உண்மை அம்மௌனத்துக்குப் பின்புதான் வருகிறது. மற்றவர் பேசும்போது "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் கூடாது. தலையை அசைத்தால் போதும்.

ஒலிப்பதிவு: வட்டக்கோட்டை அழகிய இடம்; ஆனால் அதன் மதிலின்மேல் பேட்டியைப் பதிவு செய்தால் கடற்காற்று உங்கள் சொல்லை விழுங்கிவிடும். உள்ளேயுள்ள கருங்கல் மண்டபத்திலோ எதிரொலி மிகும். சங்கத்துக் கிடங்கில் சாக்கு மூட்டைகள் அடுக்கிய மூலை இதற்கு மிகவும் ஏற்றது; மூட்டைகள் எதிரொலியைத் தடுத்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். கைபேசிகளின் ஓசையை அடக்குங்கள். ஒலிவாங்கியை வாய்க்கு நேராக வைக்காமல், ஒரு சாண் தூரத்தில் சற்றே பக்கவாட்டில் வைத்தால், "ப" என்னும் எழுத்து வெடித்துக் கேளாது. வெளியில்தான் பேச வேண்டுமென்றால் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போடுங்கள். பேச்சு முடிந்தபின் 10 விநாடி அவ்விடத்து அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு துண்டுகளைச் சேர்க்கும்போது அது உதவும்.

பதிவை வெட்டிச் சுருக்கும்போது மனச்சாட்சி வேண்டும். "இவ்விதை நல்ல விதை, ஆனால் உவர் நிலத்துக்கு ஆகாது" என்று ஒருவர் சொன்னதில் பின்பாதியை நேரமில்லை என்று நீக்கிவிட்டால், உப்புக்காற்று வீசும் நம் ஊரில் எத்தனை பேர் நஷ்டப்படுவார்கள் என்று எண்ணிப்பாருங்கள். நீளத்தைக் குறைக்கலாம், பொருளைக் குறைக்கலாகாது.

நெறிகளும் சில உண்டு. அங்கத்தினர் ஒருவருடைய கடன் பாக்கியை அவர் பெயருடன் வானொலியில் சொல்வது எக்காரணத்தாலும் தகாது. சங்கத்துப் பதிவேட்டில் எழுதியது சங்கத்துக்கு, ஊருக்கன்று. பேசுகிறவரின் சம்மதத்தைப் பதிவுக்கு முன்பே பெறவேண்டும். ஒருவர்மீது குறை கூறப்பட்டால், அவருடைய சமாதானத்தையும் அதே நிகழ்ச்சியில் கேட்பிக்கவேண்டும். கட்சி விவகாரத்துக்கு அங்கே இடமில்லை.

இவற்றைவிடக் கடினமான நெறி ஒன்று உண்டு. சங்கத்தாரே பேட்டி நடத்தும்போது, சங்கத்தின் தலைவரைப் பேட்டி காணும் நாள் ஒன்று வரும். நெல்லுக்கான பணம் ஏன் தாமதமாக வந்தது, நியாயவிலைக் கடையில் ஏன் சரக்கு குறைந்தது என்று ஜனங்கள் பேசிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். தலைவரிடம் அவற்றைக் கேட்பீர்களா, அல்லது சங்கத்தின் சாதனைகளை மட்டும் சொல்லச்சொல்லி நிறுத்துவீர்களா? மரியாதை குறையாமல், "இப்படி ஒரு குறை சொல்லுகிறார்களே, இதற்குத் தங்கள் விளக்கம் என்ன?" என்று கேட்டுவிட்டால், தலைவருக்கும் நன்மை, மறுமொழி சொல்ல அவருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கிறது. கேட்காமல் விட்டால், புகழ்ச்சி மட்டும் பாடுகிற பெட்டி என்று ஜனங்கள் அதை மூடிவிடுவார்கள். அப்புறம் நீங்கள் புயலைப் பற்றிச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நம்பிக்கை போனபின் ஒலிபரப்புக் கருவியினால் ஆவதொன்றுமில்லை.

பேட்டிக்குப் பின் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பலரும் மறப்பது அதையே. கனடா தேசத்தில் 1941-ஆம் ஆண்டு விவசாயிகளுக்காக வானொலி மன்றங்கள் தொடங்கப்பட்டன. படிப்பது, கேட்பது, கூடி விவாதிப்பது, காரியத்தில் இறங்குவது என்பது அவர்கள் வகுத்த முறை. அதைப் பின்பற்றி 1956-ஆம் ஆண்டு புனா வானொலியார், யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியுடன், 5 ஜில்லாக்களில் ஏறக்குறைய 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைத்து 20 நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிச் சோதித்தார்கள். ஒவ்வொரு மன்றத்திலும் சுமார் 20 பேர் கூடிக் கேட்டு, கேட்டதை விவாதித்து, தம் சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். மன்றமில்லாமல் வானொலி மட்டும் இருந்த கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன்றம் இருந்த கிராமங்களில் விஷய ஞானம் வெகுவாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த கிராமங்களில் வளர்ச்சி சொற்பமே. 1959-ஆம் ஆண்டு இம்முறை நாடெங்கும் பரப்பப்பட்டது.

இதனால் நாம் அறிவது யாது? கேட்டால் மட்டும் போதாது. கூடிக் கேட்கவேண்டும், கேட்டதைப் பேசவேண்டும். அன்பர்களே, கூடுவதற்கென்றே ஏற்பட்டது நமது சங்கம். மன்றத்தைப் புதிதாக அமைக்க வேண்டிய சிரமம் நமக்கு இல்லை. பேட்டி ஒலிபரப்பாகும் நாளில் சங்கக் கட்டடத்தில் 20 பேர் கூடுங்கள். நடவடிக்கைப் புத்தகம் போல ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, விஷயம், தெரிந்துகொண்டது, விளங்காதது, செய்யத் தீர்மானித்தது என்று ஐந்து பத்தி கோடிட்டு எழுதுங்கள். விளங்காததை அடுத்த பேட்டிக்குக் கேள்வியாக்குங்கள். செய்யத் தீர்மானித்தது நடந்ததா என்பதை அடுத்த மாதம் வாசித்துப் பாருங்கள்.

சொந்தமாக நிலையம் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்திய சர்க்கார் 2006-ஆம் ஆண்டு வகுத்த சமுதாய வானொலிக் கொள்கைப்படி, கல்வி நிலையங்களும், வேளாண் அறிவியல் நிலையங்களும், குறைந்தது 3 ஆண்டு பணிசெய்த பதிவுபெற்ற தொண்டு ஸ்தாபனங்களும் அனுமதி கோரலாம். ஒலிபரப்பில் பாதிக்குக் குறையாத பகுதி உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் தயாராகவேண்டும் என்பது அதன் நிபந்தனை. தெலுங்கு தேசத்து மாச்சனூர் என்னும் சிற்றூரில் 2008-ஆம் ஆண்டு முதல் "சங்கம் ரேடியோ"வை ஏழை விவசாயப் பெண்களே நடத்திக் காட்டினார்கள். எனினும் நிலையம் வைப்பது செலவுள்ள காரியம். முதலில் பேட்டி நடத்தப் பழகுங்கள். நல்ல பேட்டியைத் தயாரித்து வைத்துக்கொண்டு, இருக்கும் நிலையத்தாரை அணுகுங்கள்.

தொடங்கும் வழியையும் சொல்லி முடிக்கிறேன். இரண்டு ஆண்களையும் இரண்டு பெண்களையும் இப்பணிக்குத் தெரிந்தெடுங்கள். கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூ நடவு தொடங்குமுன் மூன்று பேட்டிகள் தயாராகட்டும்: ஒன்று பயிர்க்கடன் தவணையைப் பற்றி, ஒன்று காப்பீட்டைப் பற்றி, ஒன்று புயல் எச்சரிக்கையைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் கேள்விகளை மகாசபையின் பின்வரிசையிலிருந்து சேகரியுங்கள். கேட்கத் தயங்கியவர், தம் கேள்வியைத் தம் வார்த்தையிலேயே வானொலியில் கேட்டு, அதற்கு விடையும் பெறுவாராயின், அடுத்த மகாசபையில் அவரே எழுந்து நின்று கேட்பார். அங்கத்தினர் அச்சமின்றிக் கேள்வி கேட்கும் சங்கத்தில் கணக்குத் தவறாது, கடனும் நிற்காது. தணிக்கைக்கு வரும் என் போன்றோருக்கும் வேலை குறையும். அந்நாளை விரைவில் கொண்டுவருவீர்கள் என்று நம்புகிறேன்.